ஆயுத பூஜையன்று கத்திய கம்ப்யூட்டர்

என் சித்தப்பாவுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று அவருடைய மீசை. அதை வீட்டில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. இன்னொன்று, கம்ப்யூட்டருக்கு ராம் பார்த்து வாங்குவதில் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது. அதை மறுத்துப் பேசுகிற அளவுக்கு எங்கள் பக்கத்தில் அப்போது யாருக்கும் விஷயம் தெரியாது.

ராம் என்றால் கம்ப்யூட்டரின் மெமரி. ஒரு சாணுக்குக் குறைவான பச்சைப் பட்டை, அடி விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள். அதை வாங்க என்னையும் அம்மாவையும் சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குக் கூட்டிப்போய்க் கடை கடையாக ஏற வைத்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, அதன் மேலிருந்த கறுப்புச் சில்லுகளின் பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். அம்மா முகூர்த்தப் புடவைக்குக்கூட அவ்வளவு நேரம் எடுத்ததில்லையாம். கடைசியில் ஒரே மாதிரி சில்லு உள்ள ஜோடி ஒன்று அகப்பட்டது.

விற்றவர்கள் குறித்த வேகத்துக்கு மேலே கம்ப்யூட்டரை விரட்டுவதுதான் சித்தப்பாவின் பைத்தியம். ராம் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். கொஞ்சம் வேகத்தை ஏற்றுவார், பரிசோதனை ஒன்றை ஓடவிடுவார். நீலத் திரையில் சிவப்பு வரி வந்தால் தோல்வி, பழையபடி இறக்குவார். வராவிட்டால் என்னைத் தூக்கிச் சுற்றுவார். சூடு தாங்காது என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, எதிரே டேபிள் ஃபேன் வைத்திருந்தார். எங்களுக்குப் புழுக்கம், கம்ப்யூட்டருக்குக் காற்று.

செல்போன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து, கல்யாண வீடியோக்களை வெட்டிச் சேர்த்து சிடி போட்டுக் கொடுப்பார். அந்த வருஷம் பக்கத்து வீட்டு அக்காவின் கல்யாணம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஸ்டூடியோக்காரர் அதே டேப்பில் வேறு யாருடைய வளைகாப்பையோ எடுத்துத் தொலைத்திருந்தார். ஆகவே அந்தக் கல்யாணம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அக்காவும் மாப்பிள்ளையும் ஆயுத பூஜைக்கு மறுநாள் துபாய் கிளம்புகிறார்கள்.

பூஜையன்று காலையில் சித்தப்பா கம்பெனிக்குப் போய்விட்டார். அம்மா சைக்கிள், கிரைண்டர், அரிவாள்மனை என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். கம்ப்யூட்டரிடம் வந்ததும் யோசித்தாள். வெறும் பெட்டிக்குப் பொட்டு வைத்து என்ன பயன், உழைப்பது உள்ளே இருப்பதல்லவா? சித்தப்பா எப்போதும் கழற்றித் துடைத்துச் செருகுகிற அந்த இரண்டு பட்டைகளுக்கும் தாராளமாக வைத்தாள். சந்தனம் நீர்க்கக் குழைந்திருந்தது, குங்குமத்தோடு அடிவரை வழிந்து இறங்கியது.

மத்தியானம் சித்தப்பா பொரிப் பொட்டலத்தோடு வந்து சுவிட்சைப் போட்டார். திரை விழிக்கவில்லை. விட்டு விட்டு நீளமாகக் கத்தியது கம்ப்யூட்டர்.

அப்பா கூடத்திலிருந்து எழுந்து வந்தார். "இன்னாடா ஆச்சு? அந்தப் பொண்ணு நாளைக்குக் கெளம்புது. யாரு கை வெச்சது?"

அம்மா கதவோரம் நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பாவின் கோபம் எங்களுக்குத் தெரியும், ஒரு வாரத்துக்குச் சோற்றுத் தட்டைக்கூடத் தொடமாட்டார்.

சித்தப்பா ராம் இரண்டையும் உருவிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "பாப்பா, உன் ரப்பர எடுத்துகினு வா" என்றார். பென்சில் எழுத்தை அழிப்பது போலத் தங்கப் பற்களைத் தேய்த்தார், செருகுகிற இடத்தைப் பிரஷ்ஷால் நெடுநேரம் தட்டினார்.

"யாரும் கை வெக்கலண்ணா. நான்தான் காத்தால ஸ்பீட ஏத்தி வுட்டுட்டுப் போயிட்டேன். இந்த ராம் தாங்கல. பாத்து வாங்கத் தெரில எனக்கு."

கம்ப்யூட்டர் எழுந்தது. அப்பாவின் கண்ணெதிரே சித்தப்பா வேகத்தை இறக்கி, பரிசோதனையையும் ஓடவிட்டார். சிவப்பு வரி ஒன்றுகூட வரவில்லை. கல்யாணம் பத்திரமாக இருந்தது. அம்மா அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. என் வெள்ளை ரப்பர் சிவந்துபோனதில் மட்டும் வருத்தம்.

சாயங்காலம் அக்கா சிடி வாங்க வந்தாள். "உங்க சித்தப்பா கெட்டிக்காரரு" என்றாள். நான் சும்மா இருப்பேனா? "அதெல்லாம் இல்லக்கா. அவருக்கு ராமே வாங்கத் தெரியாது, அவரே சொன்னாரு. உன் கல்யாணமே போயிருக்கும்" என்றேன்.

சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு, ஆமாம் என்பதாகச் சிரித்தார். அம்மா என் தொடையில் வைத்த கிள்ளு மூன்று நாள் கன்றிப் போயிருந்தது. அவர் சொன்னதைத்தானே சொன்னேன், என்னை ஏன் கிள்ளுகிறாள் என்று நான் விடாமல் அழுதேன். அம்மாவும் ஏன் அழுதாள் என்று அப்போது எனக்கு விளங்கவேயில்லை.