விலாவில் பூசிய பவுடர்

பேபிக்குக் குதிரை லத்தி ஒருநாளும் நாறியதில்லை. ஒன்பது வருஷம் தினமும் காலையில் பதினான்கு குதிரைகளின் லாயத்தைச் சுத்தம் செய்தாள். அள்ளிக் கொட்டி, கை கழுவி, அங்கேயே ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவாள். அவளுக்குக் குமட்டியதெல்லாம் வேறு.

கோவில்பதாகை ஊர்க்காரி. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்ட நிலமெல்லாம் மனைகளாகிவிட்டன. பேபி பதினைந்து வருஷம் அம்பத்தூரில் துணிக் கம்பெனியில் பட்டன் தைத்தாள். கம்பெனியை மூடியபோது, முத்தாபுதுப்பேட்டை தாண்டி ஒரு குதிரையேற்றப் பள்ளியில் பெருக்க ஆள் தேடினார்கள். போனாள். பட்டன் தைத்த விரல்கள் பிடரி மயிரைப் பின்னக் கற்றுக்கொள்ள ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதன்பிறகு போட்டி என்றால் குதிரைகளைத் தயார் செய்வது அவள் வேலை.

சென்ற ஆடியில் பள்ளியிலேயே ஒரு பெரிய டிரசாஜ் போட்டி நடந்தது. அது ஓட்டப் பந்தயம் அல்ல. மணல் திடலில் குதிரையைக் குறித்த இடத்தில் நடக்கவிட்டு, திருப்பி, நிறுத்தி, அதன் ஒழுங்கைக் காட்டுகிற போட்டி. பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் லாரியில் குதிரைகள் வந்து இறங்கின. முந்தின நாள் காலை ஆறு மணிக்கே பேபி ஜாஸ்மினைக் குளிப்பாட்ட ஆரம்பித்தாள். ஜாஸ்மின் வெள்ளைப் பெட்டைக் குதிரை. அதில் ஏறுகிறவள் தீபிகா, கல்லூரியில் படிக்கிற பெண். குதிரை அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது.

பஞ்சு விலாவில் பட்டதும் ஜாஸ்மின் தோலைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கியது.

“இன்னா கண்ணு, இன்னா?” என்று கேட்டுக்கொண்டே பேபி பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். வெளிர்ச் சிவப்பு. மயிரை விலக்கினாள். இரண்டு விலாவிலும் கட்டைவிரல் அகலத்துக்குக் குழி, ஓரத்தில் சீழ். பூட்ஸின் குதிமுள் குத்திய இடம். கடிவாளம் அழுத்தி வாயோரமும் வெடித்திருந்தது. நாலு நாளாகப் பேபி பேத்திக்குக் காது குத்த ஊருக்குப் போயிருந்தாள். அந்த நாலு நாளில் நடந்தது.

பயிற்சியாளன் ஜெகதீசனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“காலு மாத்தி ஓட மாட்டேன்னு முரண்டு புடிச்சுச்சுக்கா. தீபிகாவ கொஞ்சம் அழுத்திக் குத்தச் சொன்னேன். நாளைக்கு ஒருநாள்தானே? வாஸ்லின் தடவி, மேல பவுடர் அடிச்சிடுங்க. வெள்ளக் குதிர, தெரியவே தெரியாது.”

போன வருஷம் ஒரு பழுப்புக் குதிரைக்கு இதே மாதிரி ஷூ பாலிஷ் பூசச் சொன்னான். பூசினாள். அஞ்சாம் நாள் புண்ணுக்குள் புழு நெளிந்தது. ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தவளும் அவள்தான். அந்த வாரம் முழுக்கச் சோற்றுப் பருக்கையைப் பார்த்தாலே அவளுக்கு வாந்தி வந்தது. புழுவைவிட, பூசிய தன் கையை நினைத்துத்தான்.

“நான் பூச மாட்டேன் சார்.”

“பூசாட்டி போங்க” என்றான். அவனே டப்பாவை எடுத்து வந்து அப்பினான். மல்லிகை வாசம் அடிக்கிற முகப்பவுடர். சீழ் வாடையோடு அது கலந்தபோது பேபி வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள். அவன் கையைக் குதிரை துடைக்கிற துண்டிலேயே துடைத்துப் போட்டுவிட்டுப் போனான்.

அவள் பிடரியைப் பின்ன ஆரம்பித்தாள். ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஈரச் சீப்பால் பிரித்து, பதினேழு முடிச்சு. இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசி முடிச்சு போடும்போது தீபிகா தோழியோடு வந்தாள்.

“ஆன்ட்டி, கொஞ்சம் நகருங்க.”

பேபி நகர்ந்தாள். தீபிகா முடிச்சில் விரலை வைத்துக்கொண்டு, தோழியின் போனைப் பார்த்துச் சிரித்தாள். “போட்டிக்கு முன்னாடி என் குழந்தைக்கு எப்பவும் நானே என் கையாலதான் பின்னிவிடுவேன்.” பிறகு ஜாஸ்மின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். வெடித்த வாய் அவள் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வீடியோ முடிந்ததும் பையிலிருந்து ஈரத்தாள் எடுத்து உதட்டை அழுந்தத் துடைத்தாள். பேபி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸைப் பார்த்தாள். குதிமுள் பளபளவென்று இருந்தது.

மாலை நான்கு மணிக்கு மருத்துவப் பரிசோதனை. டாக்டர் சுலைமான் ஒவ்வொரு குதிரையின் காலையும் தடவி, ஓடவிட்டுப் பார்த்து ஒப்புதல் போடுவார். அதன்பிறகுதான் போட்டிக்குப் பெயர் ஏறும். ஜாஸ்மினைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியவள் பேபி. ஓடினாள். டாக்டர் கால்களை மட்டுமே பார்த்தார்.

“நல்லா இருக்கு. அடுத்தது.”

ஜெகதீசன் பல்லைக் காட்டினான். பேபி நகரவில்லை. வாளியில் துண்டை முக்கி எடுத்து, எல்லோரும் பார்க்க ஜாஸ்மினின் விலாவை ஒற்றினாள். வெள்ளைக் குழம்பு வழிந்தது. அடியில் புண்.

“இத்தயும் பாத்துட்டுச் சொல்லுங்க டாக்டரு.”

டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் கிட்டே வந்தார். மறுபக்கமும் துடைக்கச் சொன்னார். குதிரையின் வாயைத் திறந்து பார்த்தார்.

“இது என்ன, ஜெகதீசன்?”

“சார், இந்தம்மாதான்… இரும்பு பிரஷ்ஷப் போட்டுத் தேச்சிருக்காங்க. எத்தன வாட்டி சொல்றது?”

ஒன்பது வருஷம் ஒரே பானையில் டீ குடித்தவன். பேபி “த்தூ” என்று மட்டும் சொன்னாள், சத்தமாக.

“பிரஷ் குழி போடாதுய்யா” என்றார் டாக்டர். பின்னால் நின்ற தீபிகாவின் பூட்ஸைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஜாஸ்மினின் பெயரை அடித்தார். காரணத்தை அறிக்கையிலும் எழுதினார்.

தீபிகா அழுதாள். “வீடியோ போட்டுட்டேனே, இப்ப எல்லாருக்கும் என்ன சொல்றது?” என்றுதான் அழுதாள். இரண்டு விலாவில் ஒன்றைக்கூட அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

பேபியை அன்றைக்கே துரத்தவில்லை. மறுநாள் இன்னும் மூன்று குதிரைக்குப் பின்னல் போட வேண்டியிருந்தது, வேறு யாருக்கும் பின்னத் தெரியாது. ஜெகதீசன் எதுவும் நடக்காததுபோல் “நாலரைக்கு வந்துடுங்கக்கா” என்றான். வந்தாள். குதிரைகளுக்காக வந்தாள். போட்டியில் தீபிகா ஒரு வாடகைக் குதிரையில் ஏறி மூன்றாமிடம் வாங்கினாள். மாலை போட்டு நின்ற ஜெகதீசன் “எங்க குடும்பம் மாதிரி சார் குதிரைங்க” என்று மைக்கில் பேசினான். பேபி லாயத்தில் ஜாஸ்மினின் புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு நாள் தினமும் கழுவி மருந்து வைத்தாள். தோல் மூடி, புதுமயிர் முளைத்த அன்று சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜெகதீசன் மூன்று தடவை போன் செய்தான். எடுக்கவில்லை.

இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறாள்.

“குதிரைங்கன்னா உனக்கு உசுரு ஆச்சே, இன்னாத்துக்கு வுட்டுட்ட?” என்று அவள் புருஷன் பூபாலன் ஒருநாள் கேட்டான்.

“குதிரைங்கள இன்னிக்கும் பாத்துகினே இருப்பேன்யா” என்றாள் பேபி. “அந்த மூஞ்சிங்களத்தான் பாக்க முடியாது.”