பழுக்காத விளக்கு

எங்கள் கரையில் ஒருவனைக் குடிகாரன் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே போய்விடுவான். சோம்பேறி என்றால் முறைப்பான். "பழுத்தும் நின்னவன்" என்று சொன்னால்தான் கைகலப்பு வரும். என் கணவரைப் புதைத்த மண் காய்வதற்குள் அந்த வார்த்தையை அவர் மேல் போட்டார்கள். அவரால் எழுந்து வந்து சண்டை போட முடியாது. அதனால் நான் போட வேண்டியதாயிற்று.

வெளியூர்க்காரர்களுக்கு அந்த வார்த்தை புரியாது. எனக்கும் முதலில் புரியவில்லை. அதிராம்பட்டினத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். இங்கே எல்லாம் சின்ன ஃபைபர் படகுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பேட்டரி இருக்கும். வழி காட்டும் ஜி.பி.எஸ். பெட்டி, வயர்லெஸ், மூங்கில் கம்பில் கட்டிய ஒரு பல்பு, எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் கரண்ட். கிளம்பும்போது பல்பு வெள்ளையாக எரியும். பேட்டரி இறங்க இறங்க வெளிச்சம் மஞ்சளாகும். அதைத்தான் பழுப்பது என்பார்கள். விளக்கு பழுத்துவிட்டால் வலையில் என்ன கிடந்தாலும் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகும் நின்றால் விளக்கு அணைந்துவிடும். இருட்டில் கிடக்கும் சின்னப் படகு பெரிய விசைப்படகுக்காரன் கண்ணுக்குத் தெரியாது. பழுத்தும் நிற்பவன் பேராசைக்காரன், கூட வந்தவனையும் சேர்த்துக் கொல்கிறவன்.

நான் கடல் பார்த்து வளர்ந்தவள் இல்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் நான் பிறந்த ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அங்கன்வாடி வேலை கிடைத்து இந்தக் கரைக்கு வந்தேன். வேலையோடு அவரும் கிடைத்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள், விளக்கு பழுத்ததால் சீக்கிரம் வந்துவிட்டேன் என்று அவர் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன்.

"உங்க ஊருல கதிர் பழுத்தா வயலுக்குப் போவீங்க. எங்க ஊருல வெளக்கு பழுத்தா வீட்டுக்கு வருவோம்" என்றார் அவர். "அவ்வளவுதான் வித்தியாசம். இதுக்கு என்ன சிரிப்பு?"

கரையில் பாதிப்பேர் எல்.இ.டி. பல்புக்கு மாறியபோதும் அவர் பழைய கார் பல்பையே வைத்துக்கொண்டிருந்தார். எல்.இ.டி. கடைசிவரை ஒரே மாதிரி எரியும், பழுக்காது என்பதுதான் காரணம். அவ்வளவு கவனமான மனிதர். இதை நான் இங்கே எழுதி வைப்பது வேண்டுமென்றேதான்.

எங்கள் கரை மணல் கரை இல்லை, சேறு. படகை எட்டக் கட்டிவிட்டு முழங்கால் அளவு சேற்றில் நடந்துதான் வரவேண்டும். அந்தச் சேற்றில் பேட்டரியைத் தோளில் வைத்துச் சுமந்து வருவார், சார்ஜ் போட. சாயங்காலம் மறுபடி சுமந்து போவார். பழைய ஆசிட் பேட்டரி என்ன கனம் என்பது தூக்கியவர்களுக்குத் தெரியும். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் இடது தோளில் ஆசிட் பட்ட ஓட்டைகள் இருந்தன. ஒருநாள் சேற்றில் கால் வழுக்கி, பேட்டரியைக் கீழே போடக்கூடாது என்று முறுக்கிக்கொண்டு விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, இனிமேல் கனம் தூக்கினால் கால் விளங்காமல் போகும் என்றார் டாக்டர். என் கொழுந்தனார்தான் படகில் இரண்டாவது ஆள். "நான் தூக்குறேன் அண்ணி" என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஆனால் தம்பி எஞ்சினைச் சுமக்க வேண்டும். மிச்சத்தை அண்ணன்தான் தூக்கியாக வேண்டும்.

அப்போதுதான் லித்தியம் பேட்டரி பற்றிக் கேள்விப்பட்டோம். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டிகள் இருக்கும் தெருவில் ஒரு கடை. நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போனோம். கடைக்காரர் பொறுமையான ஆள். அந்தப் பேட்டரியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "தூக்கிப் பாருங்க" என்றார். இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தயங்க, நானே தூக்கினேன். எங்கள் அங்கன்வாடியில் இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரிதான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதைத் தூக்கிக்கொண்டு இந்த மனிதர் இன்னும் பல வருஷம் நடப்பார் என்று நினைத்தேன்.

என் பயமெல்லாம் தீயைப் பற்றித்தான். ஸ்கூட்டர் எரிந்தது, செல்போன் வெடித்தது என்று வாரம் ஒரு வீடியோ பார்க்கிறோம். நடுக்கடலில் எரிந்தால் எங்கே ஓடுவது?

"அது வேற லித்தியம்ங்க" என்றார் கடைக்காரர். "இது லித்தியம் இரும்பு பாஸ்பேட். சூடு தாங்கும், அது மாதிரி சட்டுனு தீப்பிடிக்காது. ஆசிட் கிடையாது. தண்ணி ஊத்த வேண்டாம். கவுந்தாலும் ஒண்ணும் ஆகாது. உப்புத்தண்ணி மட்டும் முனையில படாம ஒரு பெட்டிக்குள்ள வச்சுக்குங்க. பழைய சார்ஜரைப் போடாதீங்க, இதுக்குன்னு இருக்குற சார்ஜரைத்தான் போடணும்."

இவர் தன் பங்குக்குக் கேட்டார். எத்தனை நாள் உழைக்கும், வயர்லெஸ் தாங்குமா, படகு அலையில் குதிக்கும்போது உள்ளே உடையுமா. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடைசியில் கடைக்காரர் ஒரு சின்ன மீட்டரை எடுத்துக் காட்டினார். சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று அதில் தெரியுமாம்.

"அது எதுக்குங்க?" என்றார் என் கணவர். "எங்களுக்கு வெளக்கே சொல்லிடும்."

கடைக்காரருக்கு அந்தப் பேச்சு புரிந்திருக்காது. மீட்டரை உள்ளே வைத்துவிட்டார். அவர் கடல் தெரியாதவர். என் கணவர் அந்தப் பெட்டிக்குள் இருப்பது தெரியாதவர். நான் இரண்டும் தெரியாதவள், பேட்டரி லேசாக இருக்கிறதே என்று பூரித்துப்போய் நின்றிருந்தேன். என்னைக் குற்றம் சொன்ன சொந்தக்காரர்களும் உண்டு, பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்று. அதை நான் ஏற்கவில்லை. இடுப்பு ஒடிந்த மனிதனுக்கு லேசான பேட்டரி வேண்டும் என்று நினைத்ததில் என்ன குற்றம்?

வாங்கிவந்த பிறகு நல்ல காலம்தான். பழைய பழக்கத்தில் தினமும் காலையில் பேட்டரியைச் சார்ஜ் போடத் தூக்கி வந்துவிடுவார். முதுகு நிமிர்ந்து நடந்தார். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தேன், தோளில் ஓட்டை விழவில்லை. விளக்கு கல்யாண வீட்டு விளக்கு மாதிரி எரிகிறது என்று கொழுந்தனார் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கரையில் நாலு பேர் வந்து பேட்டரியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி மழைக்கு முந்தின வாரம் இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. வலையைத் தூக்கியே வந்த வலி. அன்று காலை வெறுங்கையோடு வந்தார். பேட்டரி எங்கே என்றேன்.

"படகுலயே பெட்டிக்குள்ள பூட்டி வச்சுட்டேன். இன்னும் வெள்ளையாத்தான் எரியுது. பழுத்ததும் தூக்கிட்டு வர்றேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் சேற்றில் சுமந்து நடக்காத ஒவ்வொரு காலையும் எனக்கு லாபம். மறுநாளும் வெறுங்கையோடுதான் வந்தார். அடுத்த நாளும் அப்படியே. விளக்கு அப்படியே வெள்ளையாக இருக்கிறது, என்ன பேட்டரி பாரு என்று அவருக்குப் பெருமை.

அதற்கு மறுநாள் காலை அவர் வரவில்லை. கொழுந்தனாரை வேறொரு படகில் போட்டுக் கொண்டுவந்தார்கள். உதடெல்லாம் வெடித்து, கண் சிவந்து, ஒரு காலி டீசல் கேனை விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். கரைக்கு வந்த பிறகும் அதை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.

"நல்லாத்தான் எரிஞ்சுது அண்ணி" என்றார். இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "நண்டு வலைய இழுத்துக்கிட்டு இருந்தோம். அண்ணன் நிமுந்து வெளக்கப் பாத்தாரு. இன்னும் பழுக்கல, இன்னொரு வலைய எடுத்துரலாம்னாரு. கொஞ்ச நேரத்துல பட்டுனு போயிடுச்சு. வெளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ், எல்லாம் ஒண்ணா. ஒயரு கழண்டிருக்கும்னு அண்ணன் குனிஞ்சு தடவிக்கிட்டு இருந்தாரு. குனிஞ்சவரு இடுப்பு பிடிச்சு நிமுர முடியல. செல்லுல லைட்டப் போடுன்னு கத்தினாரு. நான் செல்லத் தேடுறேன், மேல வந்துட்டான் விசைப்படகுக்காரன்."

அவரை மறுநாள் அலை கொண்டுவந்து கொடுத்தது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

படகு உடைந்திருந்தாலும் முழுகவில்லை. இழுத்து வந்து சேற்றில் போட்டிருந்தார்கள். பேட்டரி பெட்டிக்குள் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துப் படகுக்காரர், என் கணவருக்குச் சித்தப்பா முறை, எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். "சொல்ல மனசு வரல. ஆனா பழுத்தும் நின்னிருக்கான். இல்லன்னா வெளக்கு எப்படிப் போவும்? நண்டு நெறைய விழுந்திருக்கும், விட மனசில்ல. தம்பிக்காரன் அண்ணன் மானத்துக்காகப் பொய் சொல்றான்."

நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாலியை எடுத்தபோதுகூட அப்படி இல்லை.

காரியம் முடிந்ததும் அந்தப் பேட்டரியை ஒரு பையில் போட்டு, தனியாகப் பட்டுக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரர் மேஜையில் தூக்கிப் போடவேண்டும், வாய்க்கு வந்ததைப் பேசவேண்டும் என்றுதான் போனேன். செத்த பேட்டரியை விற்று ஆளைக் கொன்றுவிட்டீர்கள் என்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. சார்ஜரை எடுத்து மாட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பல்பை அதில் மாட்டிப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது.

"சாகலைங்க" என்றார் மெதுவாக. "இது கடைசிவரைக்கும் ஒரே மாதிரிதான் கொடுக்கும். மங்காது. ரொம்ப இறங்கினா உள்ள இருக்குற செல் கெட்டுப்போயிடும்னு ஒரு சர்க்யூட் வச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடியே அதுவே கட் பண்ணிக்கும். தன்னைக் காப்பாத்திக்கும்."

"தன்னைக் காப்பாத்திக்கும்" என்று நானும் ஒருமுறை சொன்னேன். அவர் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். பேட்டரியை முழுசாக சார்ஜ் போட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மடியில் வைத்திருந்தேன். வீசி எறிந்திருக்கலாம். ஆனால் என்னிடம் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

வீட்டு வாசலில் பூவரச மரத்தடியில் ஸ்டூல் போட்டு அதை வைத்தேன். கொழுந்தனார் உடைந்த படகிலிருந்து அதே கார் பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். கொடிக்கயிற்றில் கட்டி எரியவிட்டோம். பகலிலும் எரிந்தது. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். சித்தப்பா முறைக்காரரிடம் மட்டும் நானே போய்ச் சொன்னேன். "மாமா, பழுக்குதான்னு நீங்களே வந்து பாருங்க."

அவர் முதலில் வரவில்லை. பிறகு கிழிந்த வலையை எடுத்துக்கொண்டு, இங்கே நிழல் நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி வந்து உட்கார்ந்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். டீ போட்டுக் கொடுத்தேன். மறுநாளும் வந்தார்கள். விளக்கு வெள்ளையாகவே எரிந்தது. வலைக்கண்ணை முடிந்துகொண்டே அவர் அடிக்கடி நிமிர்ந்து பல்பைப் பார்த்தார். கடலில் பார்க்கிற அதே பார்வை. என் வீட்டுக்காரர் எப்படி நிமிர்ந்து பார்த்திருப்பார் என்பது அப்போது எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், விசைப்படகுக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார் அவர். "இப்பிடித்தான் போன வருஷம்" என்று ஏதோ ஆரம்பித்து நிமிர்ந்தார். பல்பு வெள்ளையாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

கொழுந்தனார் முகத்தை மூடிக்கொண்டார். சித்தப்பா முறைக்காரர் எழுந்து போய்ப் பல்பைத் தொட்டார். இன்னும் சூடாக இருந்திருக்கும், விரலை எடுத்துக்கொண்டார். ஒயரைத் தடவினார். முனையைத் தடவினார். குனிந்து பேட்டரிக்குப் பின்னால் தடவினார்.

"ஒயரு கழண்டிருக்கும்" என்றார்.

"கழலல மாமா" என்றேன். "அவரும் அப்படித்தான் குனிஞ்சு தேடினாரு."