மாமா கட்டிய வயர்

அக்கா வயதுக்கு வந்த வருஷம் அம்மா குவைத்திலிருந்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். இரண்டு வருஷம் வீட்டு வேலை. கொண்டுவந்தது ஒரு ஹோம் தியேட்டர் செட். சடங்கு முடிந்ததும் அப்புத்தளைக் கடைக்காரர் ஒருவர் அதை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்தக் காசில் ஒரு கறவை மாடு வாங்கி லய வீட்டோடு இருந்துவிடலாம், இனி வெளிநாடு வேண்டாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எட்டு வயது. செட்டை விற்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

சடங்கன்று காலையிலிருந்தே செட் பாடியது. அம்மாவின் தம்பி, அதாவது மாமா, பதுளையில் ஆட்டோக்களுக்கு சவுண்ட் கட்டுகிற கடையில் வேலை செய்தார். அவர் கொண்டுவந்த சீர் மூன்றே தட்டு. அப்பாவின் தங்கையான அத்தை தட்டுகளைப் பார்த்தார். பிறகு செட்டைப் பார்த்தார்.

"தாய்மாமன் சீருந்தான் இத்துணூண்டு. பாட்டாவது மேக்கணக்குக்குக் கேக்குமா? கொசு கத்துற மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போன மாதம் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயத்தில் நடந்த சடங்கின் பாட்டு எங்கள் வாசல்வரை கேட்டிருந்தது.

மாமா எழுந்து போய்க் கோயிலிலிருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வந்தார். செட்டின் பின்னால் இடது பக்கச் சிவப்பு முனையிலிருந்து ஒரு வயர், வலது பக்கக் கறுப்பு முனையிலிருந்து ஒரு வயர். இரண்டையும் அந்த ஒரே பெட்டியில் கட்டினார்.

"எரிஞ்சிறாதேடா தம்பி?" என்றார் அம்மா.

"ரெண்டு பக்கத்துப் பவரும் ஒண்ணாயிரும்க்கா. நான் எத்தன ஆட்டோவுக்குக் கட்டிருக்கேன். நீ போய்ப் புள்ளைக்குப் பூ வையி."

ஆட்டோ ஆம்ப்ளிஃபயரில் அப்படிக் கட்டலாம். இந்தச் செட்டில் கூடாது. அதன் முதுகிலேயே இங்கிலீஷில் எழுதியிருந்தது. வாசிக்க அங்கே ஆளில்லை.

ஒன்றரைப் பாட்டு. கூரைத் தகரம் அதிர்ந்தது. மேல்கணக்கில் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மாமா அத்தையைப் பார்த்தார். டப்பென்று ஒரு சத்தம், கருகிய வாசம். பாட்டு நின்றது.

மாமா செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா ஏசவில்லை. "விடு. பந்தியப் போடுங்க" என்றார்.

அப்புத்தளைக்காரர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார். மாடு வரவில்லை.

தை கழிந்து அம்மா மறுபடி குவைத்துக்குக் கிளம்பினார். பதுளை பஸ் ஸ்டாண்டில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"இந்தத் தடவ இதவிடப் பெரிய செட்டாக் கொண்டு வாங்கம்மா."

"சரி" என்றார்.

மாமா வரவில்லை. கடையில் வேலை இருக்கிறதாம். கடை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். சொந்த அக்காவை வழியனுப்பக்கூட வராத மனுஷன் என்று அன்று முழுக்க எனக்கு அவர்மேல் கோபம்.