வீபூதி பூசிய சில்லு

எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய நல்ல தண்ணீர் காரின் நான்கு சில்லுகளுக்கு மட்டும்தான். எனக்கும் மனைவிக்கும் கிணற்றுத் தண்ணீர். முல்லைத்தீவுக் கடல் எங்கள் படலையிலிருந்து கூப்பிடு தூரம். வாளியைக் கிணற்றுக்குள் விட்டால் அதன் உவர்ப்பும் சேர்ந்தே மேலே வரும். எங்கள் தொண்டைக்கு அது பழகிவிட்டது. அலுமினியத்துக்குப் பழகாதாம்.

கார் மனைவியின் தம்பியுடையது. கனடாவில் இருக்கிறான். ஊருக்கு வந்தால் ஓடலாம் என்று பழைய கார் ஒன்றை வாங்குவித்து எங்கள் முற்றத்தில் விட்டான். பிறகு அதற்குச் சில்லுகளைக் கப்பலில் அனுப்பினான், சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் பழைய சேட்டுகளுக்கும் அடியில். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது குசினிச் சுவரெல்லாம் வெளிச்சம் வழுக்கி ஓடியது. மேலே எந்தப் பூச்சும் இல்லை.

“பூச்சு அடிச்சது எல்லாரிட்டையும் இருக்கு அத்தான். இது பச்சை அலுமினியம்,” என்றான் தொலைபேசியில். பச்சைக் குழந்தை என்று சொல்லும்போது வருகிற அதே குரல்.

அது மார்கழி. வாடைக்காற்று கடலைப் பொடியாக்கி முற்றத்தில் தூவிக்கொண்டிருந்தது. காரில் பூட்டிய கிழமையே ஒரு காலையில் பார்த்தால், சில்லுகளில் தேங்காய்ப்பூத் தூவியதுபோல வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. வடிவாகத்தான் இருந்தது. வெண்மையாய், சத்தமில்லாமல், மல்லிகை போல ஒரு உலோகம் செத்துக்கொண்டிருந்தது. மச்சானுக்கு நான் அப்படிச் சொல்லவில்லை. “கொஞ்சம் பூத்திருக்கு” என்றேன்.

அன்று தொடங்கியது சட்டம். காரமில்லாத சவர்க்காரம். வாங்கிய தண்ணீர். மெல்லிய துணி. உடனே ஈரம் ஒற்ற வேண்டும். பிறகு மினுக்கும் பசை, அதன்மேல் மெழுகு, அதன்மேல் போர்வை. புளி கூடாது, தேசிக்காய் கூடாது, சாம்பல் கிட்டவும் வரக்கூடாது. போர்வைக்கு மனைவி தன் பழைய பாவாடைகளைத் தந்தாள். நான்கு பாவாடை கட்டிக்கொண்டு கார் வேப்பமரத்தடியில் வெட்கப்பட்டு நின்றது.

பசை போட்டுத் தேய்த்தால் துணி கறுக்கும். எவ்வளவு தேய்த்தாலும் கறுக்கும். இத்தனை வெளிச்சமான ஒன்றின் வயிற்றுக்குள் இவ்வளவு கறுப்பு எங்கே இருக்கிறது என்று யோசித்தபடி தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் தேய்க்க வேண்டும்போல இருக்கும். என் கால்கள் ஓரிடத்தில் நிற்காதவை என்று ஊரே சொல்லும். அந்தச் சில்லுகளின் முன்னால் மணிக்கணக்காகக் குந்தியிருந்தேன்.

ஞாயிறுதோறும் வீடியோவில் பரிசோதனை.

“கமராவைக் கிட்டக் கொண்டுபோங்கோ அத்தான். இன்னும் கிட்ட. உங்கடை மூக்கு தெரியுதோ அதிலை?”

“தெரியுது.”

“மூக்கு தெரியுது. மூக்கு மயிர் தெரியேல்லை. அப்ப பூக்கத் தொடங்கீட்டுது.”

அவன் என் முகத்தை நேரே பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. சில்லில்தான் பார்ப்பான். வளைவான இடத்தில் தெரிந்த கிழமை “அத்தான், சரியா மெலிஞ்சு போனியள்” என்று கவலைப்பட்டான். நடுமூடியில் தெரிந்த கிழமை “சீனியைக் குறையுங்கோ” என்றான்.

காரை ஓட்டக்கூடாது. கல் தெறிக்கும், உப்புக் காற்றடிக்கும். தான் வந்ததும் ஓட்டலாம். எப்போது வருவான்? அடுத்த வருசம். ஆனால் பற்றரி செத்துப்போகாமல் இருக்க, கிழமைக்கு ஒருதரம் வேப்பமரத்தடியிலிருந்து கிணற்றடிவரை போய் வர அனுமதி இருந்தது. அந்தப் பயணத்துக்கு மனைவி சேலை உடுத்துக் கைப்பையோடு வந்து முன் இருக்கையில் ஏறுவாள். கிணற்றடிவரை போவோம். திரும்பி வருவோம். இறங்கும்போது “காத்து நல்லா வந்தது” என்பாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மாளிடம் அந்தக் காரில் போக வேண்டும்.

“இஞ்சேருங்கோ, இந்த முறையும் அயலட்டைச் சனத்தோடை லான்ட்மாஸ்டர் உழவு மெசின் இழுக்கிற பெட்டியிலை குலுங்கிக் குலுங்கியோ போறது? வாசலிலை காரை வைச்சுக்கொண்டு?”

“உன்ரை தம்பியைக் கேள்.”

“அவனைக் கேட்டால் சில்லைக் கேட்பான்.”

சித்திரை வருசப் பிறப்பு வந்தது. எங்கள் தலையில் மருத்துநீர் வைத்த கையோடு அவள் முற்றத்துக்கு இறங்கியதை நான் கவனிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, தொலைபேசியை ஒரு கையில் பிடித்தபடி இடது முன் சில்லின் பாவாடையை அவிழ்த்தேன்.

“அத்தான்,” என்றான் மச்சான், “நீங்கள் எப்பயிருந்து வீபூதி பூசத் தொடங்கினனீங்கள்?”

நான் பூசுவதே இல்லை. நெற்றியைத் தடவிப் பார்த்தேன். வெறும் நெற்றி. குனிந்து சில்லைப் பார்த்தால், அதற்குள் இருந்த என் நெற்றியில் மூன்று குறி, கோடு பிடித்ததுபோல. தலையை அசைத்தேன். முகம் அசைந்தது, குறி அசையவில்லை.

மனைவி குசினி வாசலில் நின்றாள். “வருசப் பிறப்பெண்டு குழைச்சுப் பூசினனான். காருக்கு மேலை உறை மூடிக் கிடந்தது, வேறை எங்கை பூசுறது? ஈரத்தோடை திரும்பக் கட்டிவிட்டன்.”

“சாம்பல் படக்கூடாதெண்டு சொன்னனான் எல்லோ அக்கா!” தொலைபேசி அலறியது.

“வீபூதியைப் போய் ஆராவது சாம்பல் எண்டுவினமே? வாயைக் கழுவு.”

ஈரச் சாம்பல் துணிக்குள் கிடந்து உலோகத்தைத் தின்றிருந்தது. விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்பட்டது. குறியை எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிழமை முழுதும் தேய்த்தேன். சுற்றிவரப் பளபளப்புக் கூடக் கூடக் குறி இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. பசை ரின் முடிந்து இன்னொன்று வாங்கப் போனபோது, சாமான் கடை முஸ்லிம் நானா எழுந்து கூடவே வந்து சில்லைப் பார்த்தார்.

“அண்ணை, இதுக்கு மேல தேய்க்காதீங்க. தேய்ச்சா காருக்குச் சில்லு இருக்காது, குறி மட்டும் உருளும்.”

“என்ன செய்ய நானா?”

“இரும்பை விட்டுப்போட்டு ஆளைப் பாருங்க. மச்சான் கோயில் குளம் போற ஆள்தானே?”

கோயிலுக்குப் போகிற ஆள்தான். அவன் மனைவி அவனையும்விட. அடுத்த ஞாயிறு அவளும் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நான் தேய்த்ததையும் போகாததையும் சொன்னேன். குறியின் முன்னால் என் மனைவி ஒரு செவ்வரத்தம்பூ வைத்திருந்தாள். அதைத் தட்டிவிட எனக்குக் கை வரவில்லை.

“ஐயோ, அதை அழிக்கப்படாதப்பா,” என்றாள் கனடாக்காரி. “இவ்வளவு தேய்ச்சும் போகேல்லை எண்டால் பாருங்கோவன்.”

“அது கெமிக்கல் ரியாக்சன்,” என்றான் மச்சான்.

“ஆருக்குக் கெமிக்கல்? வீபூதிக்கோ?”

அவன் தன் மனைவியையும் சில்லையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, “சரி அக்கா. ஒருக்கா வற்றாப்பளைக்குக் கொண்டுபோய் அம்மாளுக்குக் காட்டிப்போட்டு வாங்கோ. மெதுவாப் போங்கோ. வந்த உடனை கழுவோணும்,” என்றான்.

பொங்கலன்று மெதுவாகத்தான் போனோம். தண்ணீரூற்றுச் சந்தி தாண்டும்போது எங்களை முந்திக்கொண்டு போன லான்ட்மாஸ்டர் பெட்டியிலிருந்து அயலட்டைச் சனம் முழுவதும் கையசைத்தது. மனைவி கண்ணாடியை இறக்கி, மடியிலிருந்த கைப்பையைத் தூக்கிக் காட்டினாள். வெயில். செம்மண் புழுதி. என் தேகம் முழுதும் அந்த இடது முன் சில்லாகிக் கல் கல்லாய் வாங்கிக்கொண்டிருந்தது. அம்மாளுக்குக் கடல் தண்ணீரில் விளக்கு எரிகிற கோயில் அது. என் சில்லைத் தின்கிற அதே தண்ணீர், அங்கே திரியில் ஏறி வெளிச்சமாய் நிற்கிறது. யாரிடம் போய் முறையிட?

அவள் உள்ளே போனாள். நான் துணியோடு காருக்குக் காவல் நின்றேன். கும்பிட்டுத் திரும்பிய ஒருவர் சில்லைக் கண்டு நின்றார். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஒற்றினார்கள். ஒரு அம்மா குங்குமத்தோடு விரலை நீட்டினா. “அம்மா, மெழுகு போட்டிருக்கு” என்றேன். “அதுக்கென்ன தம்பி” என்று வைத்துவிட்டுப் போனா.

மறு ஞாயிறு மச்சான் நான்கு சில்லுகளையும் காட்டச் சொன்னான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். என் மூக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அத்தான், ஒண்டிலை மட்டும் இருக்கிறது வடிவில்லை.”

“என்ன செய்யச் சொல்லுறாய்?”

“மற்ற மூண்டிலையும் வரப்பண்ணேலாதோ? அளவு பிசகாமல்?”

நான் வாயைத் திறக்கமுன் மனைவி தொலைபேசியை வாங்கினாள். “வரப்பண்ணலாம் தம்பி. நான் குழைச்சுப் பூசிறன். ஆனா ஒரேயடியா எல்லாத்திலையும் பூசேலாது. ஒவ்வொண்டா வரவிட்டு, ஒவ்வொண்டையும் ஒவ்வொரு கோயிலிலை காட்டோணும்.”

அந்தப் பக்கத்தில் இருவரும் தலையாட்டினார்கள்.

இப்போது வலது முன் சில்லு ஈரப் பாவாடைக்குள் இருக்கிறது. திருக்கேதீச்சரம் என்று முடிவாகியிருக்கிறது. அது மன்னாரில், நாட்டின் அடுத்த கரையில். குறி விழ இன்னும் நாள் செல்லும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் சேலை உடுத்துக் கைப்பையை மடியில் வைத்தபடி முன் இருக்கையில் ஏறி இருக்கிறாள்.