புதன்கிழமை எடுத்த கோல்

போன புதன்கிழமை, மத்தியானம். குண்டசாலை வீட்டில் நான், குக்கர், மழை. காலையில் பஸ்ஸும் த்ரீவீலரும் எங்கள் தெருவையே அள்ளிக்கொண்டு கண்டிக்குப் போய்விடும். பேச ஒரு ஆள் மிஞ்சாது. பருப்புக்கு எத்தனை விசில் விடுவது என்று கேட்க ஜேர்மனியிலிருக்கும் மகளுக்குக் கோல் எடுத்தேன்.

எனக்குத் தெரியாதா? தெரியும். மனைவி போய் ஒரு வருடமாகப் போகிறது, சமையல் பழகிவிட்டது. ஒரு குரல் கேட்க வேண்டும் போலிருந்தது... அவ்வளவுதான்.

மகள் இரசாயன ஆராய்ச்சிக்காரி. அருமண் மூலகங்களில் பிரசியோடைமியம் என்று ஒன்று. வழக்கமாக மூன்று இலத்திரன்களை இழக்கும். இவள் நான்காவதையும் இழக்க வைத்திருக்கிறாள் — ஒட்சியேற்ற நிலை நான்கு. அபூர்வம். காற்று ஆகாது, ஈரம் ஆகாது, சூடும் ஆகாது. அதில் வளர்த்த பளிங்கை எண்ணெய்த் துளிக்குள் வைத்துப் பொறுக்கி, உடனே கடுங்குளிரில் கருவியில் ஏற்றி அளந்துவிட வேண்டும். அளந்து முடிந்தால் அம்மாவின் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு வருவதாக ஏற்பாடு. அவளுடைய அறைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன்.

நாங்கள் பேசுவது ஞாயிற்றுக்கிழமைகளில். வார நாளில் வீட்டிலிருந்து கோல் வந்தால், வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரே அர்த்தம்தான் — யாரோ போய்விட்டார்கள். பொறுக்கிய பளிங்கை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"அப்பா! என்ன நடந்தது? உங்களுக்கு ஏதும்...?"

"ஒண்டுமில்லை பிள்ளை. பருப்புக்கு எத்தனை விசில்?"

பளிங்கைத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"செம்மஞ்சள் நிறம் போயிட்டுது அப்பா. வெளிறின பச்சையாக் கிடக்கு. திரும்ப வளர்க்கோணும். திவசத்துக்கு வரேலாது."

"ஏன் பிள்ளை அது அப்பிடிச் செய்யுது?"

"அளவுக்கு மேல இழந்திட்டுதெல்லே. கிட்ட இருக்கிறதிட்ட ஒரு இலத்திரனைப் பறிச்சுக்கொண்டு பழையபடி மூண்டுக்குப் போயிடும்."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் சுட்டது.

அளவுக்கு மேல் இழந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான் போலிருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லையென்றால், போனில் எட்டுகிறவரைப் பிடித்துப் பிடுங்குகிறோம். தனிமை தாங்காமல் எடுத்த கோல், வரவிருந்த ஒரே துணையையும் வராமல் செய்துவிட்டது. அழுகை வந்தது. அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

இனி வார நாட்களில் போனை அலுமாரிக்குள் வைத்துத் திறப்பால் பூட்டிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். திறப்பை யாரிடம் கொடுத்து வைப்பது?