பத்து சூ நோட்டின் இரண்டாவது வரி

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். வியாழன் காலை அந்தோனிப்பிள்ளை அண்ணையின் மகள் போனில் "அங்கிள், அப்பா எங்களை விட்டுட்டுப் போட்டார்" என்று அழுதாள். உடனேயே மனைவியிடம் சொன்னேன்: "பார், மன்றத்துக்காரர் பெரிய மலர்வளையத்தோட வந்து நிப்பினம்." வந்தார்கள். ரிப்பனில் "பெருமகன்" என்று வேறு எழுதியிருந்தார்கள். மில்லிக்கன் முதியோர் மன்றத்து அன்பர்களே, இரண்டு வருடம் அவரோடு ஒரு சொல் பேசாத உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணை மன்னார்க்காரர். மிசிசாகாவில் விமானச் சரக்கு ஏற்றி இறக்கி ஓய்வுபெற்றவர். அவர் சேர்த்தது பிரெஞ்சுப் புரட்சிக்காரர் அச்சடித்த காகிதக் காசு. அசிஞா என்று பெயர். நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் அதை முழுமையாக அறிந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டதே தவிர, புரட்சி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தேவாலயக் காணிகளைப் பறித்து, அவற்றை ஈடாகக் காட்டி அடித்த நோட்டு அது. ஞாயிறு பூசை தவறாத மனிசன் இதையா பூட்டி வைக்கிறது என்று ஒருநாள் பகிடி பண்ணினேன். அண்ணை சிரிக்கவில்லை. "ஐசே, ஊரில எங்கட காணியைப் பிடிச்சவங்கள் ஒரு தாள்கூடத் தரேல்லை" என்றார்.

மன்றத்துக் கண்காட்சியில் அவருக்கும் ஒரு மேசை கொடுத்தீர்கள். மதியம் வரை ஈயும் எட்டிப் பார்க்கவில்லை. பத்து சூ (சூ அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சில்லறை) நோட்டில் இருந்த இரண்டு வரிகளை அண்ணை அழகாகத் தமிழில் எழுதி வைத்திருந்தார்: "கள்ளநோட்டு அடிப்பவனுக்குச் சட்டம் மரணதண்டனை கொடுக்கும். காட்டிக்கொடுப்பவனுக்கு நாடு பரிசு கொடுக்கும்." பிறகு தேநீர் நேரத்தில் ஒரு கதை பரவியது: அவருடைய வீட்டுக்குப் பொலிஸ் வந்து, கள்ளநோட்டோ என்று அவருடைய நோட்டு அல்பத்தைப் புரட்டிப் பார்த்ததாம்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் எழும்பினார். "அண்ணை, உந்த அல்பத்தை இனி இஞ்ச கொண்டுவராதேங்கோ. கள்ளநோட்டுக் கதை அடிபடுது." இருநூறு வருடத்துக்கு முன் செத்துப்போன காசை இன்றைக்கு அடித்து எந்தக் கடையில் கத்தரிக்காய் வாங்குவது? ஒருவருக்காவது மூளை வேலை செய்ததா? ஒருவராவது அவரிடம் நேரே கேட்டீர்களா? பெயர் கெட்ட மனிதர் பக்கத்தில் இருந்தால் தொற்றிவிடும் என்பதுபோலக் கதிரையை அல்லவா நகர்த்தினீர்கள்!

என் காரில்தான் திரும்பினார். அல்பம் மடியில். "என்ர வீட்டுக்குப் பொலிஸ் வந்ததாம், ஐசே. எனக்குச் சொல்லாமல் வந்திருக்கினம்" என்றார். மன்றத்துப் படியை அவர் அதன் பிறகு மிதிக்கவேயில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்ரிக் உறையை என் கையில் வைத்தார். உள்ளே அந்தப் பத்து சூ. "உம்மட்ட இருக்கட்டும். ரெண்டாவது வரியை இடைக்கிடை வாசியும்" என்றார். நான் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தப் பரிசு ஒன்றுதான். பொலிஸ் ஒருவரும் ஒருநாளும் அவர் வீட்டுக்கு வரவில்லை. ஈயும் வராத மேசைக்கு நாலு பேர் வரட்டும் என்று, கையில் வடையோடு நின்று அந்தக் கதையைச் சோடித்தவன் நான்.