கட்டிலுக்குப் போட்ட காலுறை

எங்கள் இரும்புக் கட்டிலின் கால் ஒன்றில், உள்பக்கமாக, ஒரு துண்டு பனியன் துணி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயிண்டோடு பெயிண்டாகக் காய்ந்துபோனது. அதைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில் குடியிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் சலவைப் பட்டறை. துணி வெளுக்கும் மருந்தின் காரநெடி ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். மனைவிக்கு ஓயாத இருமல். மாமனார் சீராகக் கொடுத்த கட்டிலுக்குத் துரு. இரண்டு பழியையும் மழைக்காலத்தின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன், அடுத்த வாரம் மாமனார் வருகிறார் என்று பல்லடத்திலிருந்து சேதி வரும்வரை. சீர்க் கட்டிலையே காப்பாற்றாதவன் என்று மகளைக் கூட்டிப்போய்விட்டால்?

உப்புத்தாளால் தேய்த்தேன், துருவைவிட என் விரல்தோல்தான் அதிகம் உதிர்ந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தேன். ஈரக்காற்றில் அது காயவே இல்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. ரிப் துணி குழாயாகத்தானே வரும்? இழுத்தால் விரியும், விட்டால் கவ்வும். பட்டறை கழித்துப்போட்ட வெள்ளைத் துணியைப் பொறுக்கி, துருவை மறைக்க நான்கு கால்களுக்கும் காலுறைபோல் மாட்டினேன். சரியாக அலசாமல் மருந்து ஊறிய துணி அது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

மாமனார் வந்தார். குனிந்து பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, கட்டலுக்குக் குளுருதுங்களா?"

சிரித்தேன். அவர் ஒரு உறையை மெல்ல உருவினார். பெயிண்டும் துருவும் பொருக்குப் பொருக்காகக் கூடவே வந்தன. சமையலறையில் மனைவி இருமினாள். அவர் கையிலிருந்த துருவைப் பார்த்தார், அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார்.

"இரும்பையே இப்பிடித் திங்குதுங்களே. எம்புள்ள நெஞ்சு என்னத்துக்குங்க ஆகும்?"

சாயங்கால பஸ்ஸில் அவளைக் கூட்டிப்போய்விட்டார். கட்டிலையும் அழைத்துப் போங்களேன் என்று ஒரு ஜோக் அடித்தேன். சிரிக்க ஆளில்லை. அன்றிலிருந்து வீடு தேடி அலைந்த அலைச்சலில் நான்தான் துருப்பிடித்துப்போனேன். ஒருவழியாக ஊருக்கு வெளியே, நெடி எட்டாத இடத்தில் வீடு கிடைத்தது. கட்டிலை வெயிலில் போட்டு, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, காயவைத்து, பெயிண்ட் அடித்தேன். ஒரு காலின் உள்பக்கம் மட்டும் உறைத்துண்டு ஒன்று உரியவே இல்லை, அதன்மேலேயே அடித்துவிட்டேன். மாமனார் வந்தபோது கட்டிலைத் தொட்டே பார்க்கவில்லை. வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். மறுநாள் மகளைக் கொண்டுவந்து விட்டார்.

அவர் போய்ப் பல வருடமாகிறது. இப்போதும் அவள் லேசாக இருமினால் போதும், நான் போய்க் கட்டில்காலைத் தடவிப் பார்க்கிறேன். மாத்திரையை அவளே எடுத்துக்கொள்கிறாள்.